பூஜையில் வைத்ததா?

எங்கள் கடையில் பழுதான ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு வருகிறவர்களிடம் ஒரு படிவம் கொடுப்போம். கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா, இடி மின்னல் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். ஏழாவது கேள்வி, ‘பூஜையில் வைத்ததா?’ போன மாதம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் அந்தப் படிவத்தைப் படம் எடுத்துக் கடையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை அடுக்கியிருந்தார்கள். ஒருத்தி, “குமாரி அக்கா, இது எந்தச் சாமியார் எழுதுன கேள்வி?” என்று என்னிடமே கேட்டிருந்தாள்.

அந்தச் சாமியார் நான்தான். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது, குழுவிலிருந்து மட்டும் விலகவில்லை. அதற்கு முன் முப்பத்தைந்து வருஷம் ஒரே கடையில் வேலை பார்த்தேன். எனக்குத் தற்பெருமை கொஞ்சம் கூடுதல் என்று வீட்டிலேயே சொல்வார்கள். இந்தக் கேள்வி வந்த கதையைச் சொல்லும்போது அதைக் குறைத்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

சொந்த ஊர் இராஜாக்கமங்கலம் பக்கம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு நாகர்கோவிலில் இந்த மாடிக் கடையில் சேர்ந்தேன். முதலில் ஸ்டெபிலைசர், பிறகு யூ.பி.எஸ்., பிறகு கம்ப்யூட்டர். பெண்பிள்ளையிடம் ஸ்குரூடிரைவரைக் கொடுத்திருக்கிறார்களே என்று கவலைப்பட்டவர்கள் ஐந்தாறு வருஷத்தில் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு, “குமாரி இருக்காளா? அவகிட்ட மட்டும் குடுங்க” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கடை முதலாளி சாகுல் சார் கோட்டாறுக்காரர். நடந்துகொண்டே பேசமாட்டார், பேசிக்கொண்டே நடக்கமாட்டார். யாராவது டிஸ்க்கைக் கொண்டு வந்தால் அதை மேஜையில் வைக்கச் சொல்லிவிட்டு, கீழேயிருந்து பால் விடாத கட்டன் சாயா வரவழைத்து அவர்கள் கையில் கொடுப்பார். அந்தச் சாயா குடித்து முடியும்வரை டிஸ்க்கை அவரும் தொடமாட்டார், எங்களையும் தொட விடமாட்டார். சாயா இறங்கினால் படபடப்பும் இறங்கும், படபடப்பு இறங்கினால்தான் உண்மை வரும் என்பது அவருடைய கட்சி. பிறகு இரண்டே கேள்வி கேட்பார். கடைசியாக எதைப் பார்த்தீர்கள்? முதலில் எது காணாமல் போனது? அவர்கள் சொன்ன பதிலை, ஒரு சொல்லையும் மாற்றாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளைத் துணிப் பிளாஸ்திரியில் எழுதி டிஸ்க்கின் பக்கவாட்டில் ஒட்டுவார். அதில் எங்கள் பாஷை எதுவும் வரக்கூடாது. ‘கிர்ருன்னு ஒரு சத்தம், பொறவு அணைஞ்சுட்டு’ என்று ஒருவர் சொன்னால் பிளாஸ்திரியிலும் அப்படியேதான் இருக்கும்.

இதெல்லாம் எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. வேடிக்கை நின்ற நாளையும் சொல்லிவிடுகிறேன்.

தக்கலையில் ஒரு வக்கீல் ஆபீஸ். இரட்டை டிஸ்க் பெட்டி. இந்த மாதிரிப் பெட்டியில் ஒரு டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். கண்ணாடி முறை என்போம். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். செத்ததை மாற்றிவிட்டு, நல்லதிலிருந்து அதற்குப் பிரதி எடுக்கச் சொன்னால் மறுபடி ஜோடி சேர்ந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எதிலிருந்து எதற்குப் பிரதி என்பது. நான் அன்றைக்கு அவசரத்தில், பல மாதங்களுக்கு முன்பே ஜோடியிலிருந்து விலகிப்போன பழைய டிஸ்க்கை நல்லதென்று நினைத்து, அதிலிருந்து, புது மனுக்கள் எல்லாம் இருந்த டிஸ்க்கின்மேல் பிரதி எடுத்துவிட்டேன். நாலு மணி நேரம் பச்சை விளக்கு அழகாக மின்னியது. ஆறு மாத மனுக்கள் அழிந்துபோயின.

சாகுல் சார் என்னைத் திட்டவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு தக்கலைக்குப் போனார், என்னையும் கூட்டிப் போனார். வக்கீலிடம், “எங்க கடையில ஒரு தப்பு நடந்துபோச்சு” என்றார். யார் செய்தது என்று வக்கீல் மூன்று தடவை கேட்டும், “எங்க கடை” என்பதற்கு மேல் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையில் ஒரு புதுப் பிளாஸ்திரிச் சுருளைக் கொடுத்தார். நான் தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரை அழுதேன். அதற்குப் பிறகு என் கையால் அந்தத் தப்பு நடந்ததில்லை, இதைச் சத்தமாகவே சொல்வேன்.

இனி ஏழாவது கேள்விக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், விஜயதசமி கழிந்த வாரம். திருவட்டாறிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அக்கா துண்டில் சுற்றிய பெட்டியை இரண்டு பஸ்ஸிலும் மடியில் வைத்தே கொண்டு வந்திருந்தாள். அண்ணாச்சி நல்ல உயரம், கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். வாங்க என்று சொன்னதற்கு அவர் கையெடுத்துக் கும்பிட்டார், பேசவில்லை.

அவர் பெயர் தாணு. சந்தையில் வாழைக்குலை ஏலம் விடுகிறவர். மைக் இல்லாமலே சந்தையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கேட்கிற தொண்டை. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்திருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே அங்கே ஒரு டாக்டரம்மா, “இனி தினமும் தேவைப்படுகிற வாக்கியங்களை எல்லாம் உங்கள் குரலிலேயே பதிந்து வையுங்கள், பிறகு போனில் பொத்தானை அமுக்கினால் அது பேசும்” என்று யோசனை சொல்லியிருக்கிறார். அந்த அக்கா, பெயர் பகவதி, ஒரு நோட்டுப் போட்டு எழுதினாள். தண்ணி வேணும், ஃபேனைக் குறை, இந்தப் பஸ் திருவட்டாறு போகுமா என்று இருநூற்றுப் பதினாலு வாக்கியம். மூன்று வாரம் தினமும் உட்கார்ந்து அவர் பேசப் பேச அவள் தன் போனில் பதிந்தாள். போனில் பதிவது எல்லாம், துபாயிலிருக்கும் மகன் வாங்கி வைத்த இரட்டை டிஸ்க் பெட்டிக்குத் தானாகப் போய்ச் சேரும். அந்தப் போன் ஆஸ்பத்திரி அலைச்சலில் பஸ்ஸில் தொலைந்துபோனது. ஆக, அவருடைய குரல் இந்த உலகத்தில் இருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். லீவுக்கு வந்து புதுப் போனில் பொத்தான்களை அமைத்துத் தருகிறேன் என்று மகன் சொல்லியிருந்தான்.

இதெல்லாம் சாயா குடித்து முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சாகுல் சாருக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் அவருடைய நாற்காலியில்தான் இருந்தார். “சொல்லுங்கோ. மொதல்ல என்னத்தக் காணல?” என்றார்.

“போன தீபாவளி வரைக்கும் உள்ள படம் மட்டும் தெரியுது சார். அதுக்குப் பொறவு உள்ளது ஒண்ணும் இல்ல. அவருக்க சத்தமும் இல்ல” என்றாள் பகவதி அக்கா.

சார் அதை அப்படியே பிளாஸ்திரியில் எழுதினார். நான் துண்டைப் பிரித்து, டிஸ்க் இரண்டையும் வெளியே இழுத்தேன். குப்பென்று சந்தன வாசம் வந்தது. இரண்டிலும் லேபிள்மேல் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம். ஹார்ட் டிஸ்க்கில் காற்றுப் போய்வர ஒரு சின்னத் துளை உண்டு, இதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். பொட்டு வைக்கத் தோதான இடம் என்று நினைத்தாள் போலிருக்கிறது, இரண்டிலும் சரியாக அந்தத் துளையின்மேல்தான் வட்டமாக ஒரு பொட்டு.

“அக்கா, இது என்னதுக்கா?”

“சரஸ்வதி பூஜைக்கு வச்சேன் மக்கா. பிள்ளையளுக்க புஸ்தகத்த வைக்கோம், அருவாளு மண்வெட்டியெல்லாம் வைக்கோம். அவருக்க சத்தம் முழுக்க அதுக்குள்ள இருக்குல்லா? அத சரஸ்வதிக்க முன்னால வைக்காம வேற எங்க வைப்பேன்?”

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். சாகுல் சார் என்னைப் பார்த்தார், நான் மூடிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் எங்கே தப்பு? எங்கள் வீட்டிலும் என் டெஸ்டரும் ஸ்குரூடிரைவரும் வருஷா வருஷம் பூஜையில்தான் இருக்கும். பூஜை வைத்தால் மூன்றாம் நாள் எடுக்கிறவரை தொடமாட்டோம். அவளும் தொடவில்லை. பெட்டிக்கு ஒயர் இருக்கிறதே, அதனால் டிஸ்க்கை மட்டும் எடுத்துத் தட்டில் வைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறாள். எப்படிக் கழற்றுவது என்று மகன்தான் எப்போதோ வீடியோவில் காட்டிக் கொடுத்திருந்தான்.

எனக்கு ஒரு பத்து நிமிஷத்தில் முழுக் கதையும் விளங்கிவிட்டது. போன தீபாவளிக்கு அடுத்த வாரம் இரண்டாம் டிஸ்க்குக்குச் சிவப்பு விளக்கு வந்திருக்கிறது. பதில் சொல்லத் தாமதித்த டிஸ்க்கைப் பெட்டி ஜோடியிலிருந்து தள்ளி வைத்துவிடும். மகன் அங்கிருந்தே எச்சரிக்கை மணியை அணைத்து, வரும்போது புதியது கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். அன்று முதல் முதலாம் டிஸ்க் மட்டும் ஒற்றையாளாக உழைத்தது. குரல் பதிந்தது அதில் மட்டும்தான். பூஜையில் அதன் இணைப்பு முனைக்குள் சந்தனம் வழிந்து காய்ந்ததால் விஜயதசமி அன்றைக்குப் பெட்டிக்கு அது தெரியவில்லை. தள்ளி வைத்த இரண்டாம் டிஸ்க்கோ ஓய்வெடுத்த தெம்பில் நல்ல பிள்ளையாக எழுந்து நின்றது. அதனால்தான் தீபாவளி வரைக்கும் உள்ள படம் மட்டும்.

மகன் போனில் சொன்னதன்படி பகவதி அக்கா முதலாம் டிஸ்க்கை ஈரத்துணியால் துடைத்து மறுபடி சொருகியிருக்கிறாள். இப்போது பெட்டிக்கு அது தெரிந்தது. தெரிந்ததும், ‘இதை அழித்துவிட்டு மற்றதிலிருந்து பிரதி எடுக்கட்டுமா?’ என்று கேட்டிருக்கிறது. தக்கலை வக்கீல் ஆபீஸில் நான் செய்த அதே காரியம். மகன், “அமுக்கும்மா, சரியாவும்” என்கிறான். அவள் விரல் பொத்தானுக்குப் போகும்போது தாணு அண்ணாச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். நோட்டில் எழுதிக் காட்டினார். அந்தப் பக்கத்தை என்னிடமும் காட்டினார்: ‘குலையப் பாக்காம ஏலத்த முடிக்கப்பிடாது. வெவரம் தெரிஞ்ச ஆளு பாக்கட்டும்.’

அந்த ஒரு பிடியில்தான் எல்லாம் மிஞ்சியிருந்தது. நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர்கள் புறப்படும்போது பகவதி அக்கா வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆபரேஷன் கழிஞ்ச நாளு மொதலு டம்ளரத் தட்டித்தான் என்னைய விளிக்காரு. அவரு வேற என்ன செய்வாரு பாவம். ஆனா மாட்ட விளிக்குத மாதிரி இருக்கு மக்கா. அந்த நோட்டுல மொதல் வரி எனக்க பேருதான். அதையாவது எடுத்துத் தா.”

வேலையை எப்படிச் செய்தேன் என்று இனிமேல் சேருகிறவர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். காற்றுத்துளைச் சந்தனத்தை ஊசியால் குத்தக்கூடாது. குத்தினால் தூள் உள்ளே போகும், உள்ளே போனால் கதை முடிந்தது. துளை தரையைப் பார்க்கிற மாதிரி டிஸ்க்கைக் கவிழ்த்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தட்டித் தட்டி எடுத்தேன். தூள் முழுக்க என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. இணைப்பு முனைக்கு ஸ்பிரிட் தொட்ட பிரஷ், ஒவ்வொரு தகடாக. இதற்கே ஒரு முற்பகல் ஆனது. பிறகு, படிக்க மட்டும் விடுகிற, எழுத விடாத கருவி வழியாக இரண்டு டிஸ்க்கையும் தனித்தனியாக மாட்டினேன். எந்த டிஸ்க்கிலும் வேலை செய்வதில்லை, முதலில் பிரதி, பிறகு பிரதியில்தான் வேலை.

இதற்கு நடுவில் துபாயிலிருந்து மகன் பேசினான். நல்ல பையன், கொஞ்சம் விவரம் தெரிந்தவன், அதுதான் தொந்தரவு. “அக்கா, எந்த டிஸ்க் எப்பம் எழுதுச்சுன்னு அதுலயே குறிச்சிருக்கும்லா? ரெண்டாவதுதான் லேட்டஸ்ட்டுன்னு பெட்டியே சொல்லுது.”

அவன் சொன்னது பொய்யில்லை. நானும் அதைப் பார்த்தேன். விஜயதசமிக்குப் பிறகு இரண்டு நாள் இரண்டாம் டிஸ்க்தானே தனியாக ஓடியது, அந்தத் தேதி அதில் பதிந்திருந்தது. முதலாவதில் பூஜைக்கு முந்தின நாளோடு நின்றிருந்தது. பெட்டியின் கண்ணுக்குப் பழையதுதான் புதியது.

“பெட்டி ஆயிரம் சொல்லும் தம்பி. ஒனக்க அம்மா என்ன சொன்னாவன்னு இதுல எழுதி ஒட்டியிருக்கு” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

முதலாம் டிஸ்க் ஒற்றையாக உழைத்துத் தேய்ந்திருந்தது. சில இடங்களில் வாசிக்கும்போது டக், டக் என்று தடுக்கும். அங்கே மல்லுக்கட்டக் கூடாது. சுலபமாக வருகிற இடங்களை முதலில் எல்லாம் எடுத்துவிட்டு, தடுக்கிற இடங்களுக்குப் பிறகு திரும்பி வரவேண்டும். ஒரு சின்ன ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் காலையில் பிரதியைத் திறந்தேன். வைகாசி மாதத் தேதியில், வரிசையாக, குரல் பதிவுகள். இருநூற்று ஐந்து முழுசாக இருந்தன.

அன்றைக்கே இருவரையும் வரச் சொன்னேன். எதை முதலில் போடுவது என்று தெரியவில்லை, கைக்கு வந்த ஒன்றை அமுக்கினேன். மாடி முழுக்க ஒரு கனத்த குரல் எழும்பியது.

“ஏட்டி, நீ பக்கத்துல நிண்ணுட்டு மூஞ்சியப் பாத்தா எனக்கு பேச்சு வராது. அங்க தள்ளிப் போயி இரி!”

நோட்டில் இல்லாத வாக்கியம். போன் பதிந்துகொண்டிருக்கிறது என்று தெரியாமல் அவர் திட்டியது, ஒரு பதிவின் தொடக்கத்தில் சேர்ந்துவிட்டது. பகவதி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன், பார்த்தால் கண்ணீர் விரல் இடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. தாணு அண்ணாச்சி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், யாரோ தெரிந்தவர் பேசுகிற மாதிரி. சாகுல் சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பிறகு அவளுடைய நோட்டை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். வராமல் போன ஒன்பதில் முதல் வரியும் ஒன்று. அவள் பெயர்.

அவள் நோட்டை மூடினாள். “சாரமில்ல மக்கா. இவ்வளவு கிட்டினதே பெரிசு. பேரு எதுக்கு, நான் பக்கத்துலதானே கிடக்கேன்” என்றாள். சாரமில்லை, பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால் எவ்வளவு சாரம் இருக்கிறது என்று தெரியும்.

அவர்கள் போன பிறகு நான் அந்த டிஸ்க்கை மறுபடி மாட்டப் போனேன். சாகுல் சார் தடுத்தார். “போதும் மக்கா. அத இனி தொடாண்டாம். இன்னும் ஓட்டுனா உள்ள எல்லாம் உரசிப் போவும். எடுத்தது நல்லா எடுத்தா. குடுத்துரு.”

சார் சொன்னது சரி. தொழிலில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் அவர். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருநூற்று ஐந்து கிடைத்ததற்குச் சந்தோஷப்படாமல் கிடைக்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

மறுநாள் இரண்டு டிஸ்க்கையும் திருப்பிக் கொடுக்கப் பொதிந்துகொண்டிருந்தேன். இரண்டாவதின்மேல் சார் எழுதிய பிளாஸ்திரி இருந்தது. ‘போன தீபாவளி வரைக்கும் உள்ள படம் மட்டும் தெரியுது.’ பத்துத் தடவை வாசித்த வரிதான். அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த டிஸ்க் போன தீபாவளியோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு வீட்டில் சேர்த்தது எதுவும் இதற்குத் தெரியாது. சரி, அதற்குப் பிறகு வீட்டில் அழித்ததும் இதற்குத் தெரியாதே!

கண்ணாடி முறையில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்த நிமிஷமே அழிந்துவிடும். ஜோடியிலிருந்து தள்ளி வைக்கப்பட்டவனுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேராது. நான் இரண்டு பிரதியையும் திறந்து வைத்து ஒப்பிட்டேன். இரண்டாவதில் இருந்த ஒரு பெரிய தொகுப்பு முதலாவதில் இல்லை. பகவதி அக்காவின் பழைய போனிலிருந்து வந்த சில்லறை வீடியோக்கள், முந்நூறுக்கும் மேல். மகனைக் கேட்டேன். “குப்பைக்கா. எடத்த அடைச்சிட்டுக் கிடந்துது. மாசியில நான்தான் இங்கேருந்து அழிச்சேன்” என்றான்.

அடுத்தவர்களின் குடும்ப வீடியோவை அனுமதி இல்லாமல் கேட்பது தப்பு. தாணு அண்ணாச்சிக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: ‘கேளு மக்கா. அவகிட்ட சொல்லாண்டாம்.’

காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்தேன். சேவல் கூவுகிறது. யாருடைய கல்யாணமோ நடக்கிறது. பலா மரத்தில் அணில். எந்த வீடியோவிலும் பகவதி அக்கா இல்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் எடுத்தவள் அவள். ஆனால் எல்லாரும் அவளிடம்தான் பேசுகிறார்கள். அதுதான் என் நம்பிக்கை. அவர் அவளை ஏட்டி என்றார், ஏய் என்றார், கேட்டியா என்றார், பெயரைச் சொல்ல மாட்டேனென்றார். மூன்றாம் நாள், அப்போதுதான் பிறந்த ஒரு கன்றுக்குட்டி. கால் தடுமாறி எழுந்து நிற்கப் பார்க்கிறது. கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தொழுவத்துக்குள்ளிருந்து ஏலம் விடுகிற அந்தத் தொண்டை:

“பகவதி... ஏ பகவதி! பாத்துட்டு நிண்ணது போதும், வெந்நி கொண்டா!”

நான் கடையில் எழுந்து நின்று கையைத் தட்டிவிட்டேன். பின்னால் கத்திய காக்கையை நீக்கி, முதல் இரண்டு விளியை மட்டும் வெட்டி எடுத்தேன். சாகுல் சாரிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். அவர் கேட்டார். மறுபடி கேட்டார். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு தடவையும் என்னைப் பாராட்டாத மனுஷன். “நான் நிறுத்தச் சொன்னேன். நீ நிறுத்தல” என்றார். தனக்கு வந்திருந்த கட்டன் சாயாவை என் பக்கம் தள்ளி வைத்தார். டிஸ்க் கொண்டு வருகிறவர்களுக்குத் தவிர அவர் கையால் யாருக்கும் சாயா கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஏழாவது கேள்வியை அன்றைக்குத்தான் படிவத்தில் சேர்த்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ‘ஆம்’ என்று டிக் போட்டவர்கள் அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறுவதற்குள் இரண்டு மூன்று பேராவது வந்தார்கள், அவர்களை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். புதுப் போனில் பொத்தான்களை நானே அமைத்து வைத்திருந்தேன், முதல் பொத்தான் எது என்று அண்ணாச்சிக்கு மட்டும் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அமுக்கவில்லை. எனக்குப் பொறுக்க முடியவில்லை, ஆனால் ஏலம் விடுகிறவருக்கு நேரம் தெரியும். பகவதி அக்கா டிஸ்க்குகளை வாங்கிக்கொண்டாள், சாயா குடித்தாள், எல்லாருக்கும் நேந்திரம் சிப்ஸ் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிக் கீழே போனாள்.

அவள் தெருவுக்குப் போகிறவரை அண்ணாச்சி காத்திருந்தார். பிறகு ஜன்னலருகே போய்ப் போனை வெளியே நீட்டிப் பிடித்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி, அமுக்கினார்.

“பகவதி... ஏ பகவதி!”

“இன்னா வாறேன்!” என்று கீழேயிருந்து பட்டென்று பதில் வந்தது. செருப்புச் சத்தம் படியில் வேகமாக ஏறியது. பாதிப் படியில் நின்றுவிட்டது.

தாணு அண்ணாச்சி இன்னொரு தடவை அமுக்கினார்.